தெர்மாகோலை விட்டுக் காகிதத்துக்கு வருவோம்: ஒன்றியத்துக்கு ஒரு வெட்டும் இயந்திரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் நடைபெறும் அறிவியல் கண்காட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் படங்களுடன் வெளியிட்டு வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அந்தப் படங்களில் மாணவர்களின் முகத்தில் தெரியும் பெருமிதம் மனத்துக்கு நிறைவளிக்கிறது. ஆனால் அவர்கள் முன்னால் மேசை மேல் இருக்கும் மாதிரிகளை உற்றுப் பார்த்தால், அணையோ எரிமலையோ காற்றாலையோ எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் தெர்மாகோலால் செய்யப்பட்டிருப்பதையும், அவற்றில் பல ஒரே கடையில் செய்து வாங்கியவை போல ஒரே சாயலில் இருப்பதையும் காண முடிகிறது. இதை மாற்றுவதற்கு நம் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வழி இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், வீட்டில் ஒரு சிறிய வெட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு காகித மாதிரிகள் செய்து வருகிறேன். அந்த அனுபவமும் வகுப்பறை அனுபவமும் சேர்ந்துதான் என்னை எழுதத் தூண்டுகின்றன.

இந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கிரிகட், சில்லவெட், பிரதர் போன்ற நிறுவனங்கள் வீட்டு உபயோகத்துக்கென்றே விற்கும் இவை, பார்ப்பதற்கு மேசை மேல் வைக்கும் பிரிண்டரைப் போலவே இருக்கும். உள்ளே மைக்குப் பதிலாக ஒரு சிறு பிளேடு இருக்கும். பசைத்தன்மையுள்ள ஒரு பிளாஸ்டிக் மேட்டின் மேல் அட்டையை ஒட்டி உள்ளே செலுத்தினால், கணினியில் நாம் வரைந்த கோட்டின் மேலேயே அந்தப் பிளேடு நகர்ந்து வெட்டிவிடும். லேசர் இயந்திரம் போல இது எதையும் எரிப்பதில்லை; புகையோ கருகிய விளிம்போ கிடையாது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டித் தரும் கடைகளில் நிற்கும் பெரிய இயந்திரத்தின் தம்பி என்று இதைச் சொல்லலாம்.

காகித மாதிரி என்றால் குழந்தைகளின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் பெரியவர்களிலும் உண்டு. ஆனால் அதற்குள் கணிதப் பாடமே இருக்கிறது. ஒரு கனச்சதுரத்தைப் பிரித்து விரித்தால் அது ஆறு சதுரங்கள் கொண்ட தட்டையான படமாகிறது. அப்படி வெவ்வேறு விதமாக விரிக்கத்தக்க வழிகள் மொத்தம் 11 மட்டுமே. அந்தப் பதினொன்றையும் ஒரு மாணவர் தானே வரைந்து, வெட்டி, மடித்துப் பார்த்துவிட்டால், கன அளவும் புறப்பரப்பும் அதன் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரங்களாக இருப்பதில்லை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-ஆம் ஆண்டிலேயே பன்முக வடிவங்களை இவ்வாறு விரித்து அச்சிட்டுக் காட்டினார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் வகுப்பறையில் கரும்பலகையில் வரைந்த படத்தோடு அந்தப் பாடம் முடிந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

பத்தாம் வகுப்பில் வரும் கூம்பையே எடுத்துக்கொள்வோம். அடியின் ஆரம் 3 செ.மீ., உயரம் 4 செ.மீ. என்றால் சாயுயரம் 5 செ.மீ. என்பதை மாணவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கூம்பை ஓர் அட்டையிலிருந்து வெட்டி எடுக்க எவ்வளவு கோணமுள்ள வட்டக்கோணப்பகுதி தேவை என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். 360-ஐ ஆரத்தால் பெருக்கிச் சாயுயரத்தால் வகுத்தால் 216 பாகை வருகிறது. இதைக் கணினியில் வரைந்து, இயந்திரத்தில் வெட்டி, சுருட்டி ஒட்டும்போது விளிம்பு விளிம்போடு இம்மி பிசகாமல் பொருந்தினால் கணக்கு சரி. பொருந்தாவிட்டால் கணக்கு தவறு. கத்தரிக்கோலால் வெட்டும்போது பொருந்தாமைக்குக் காரணம் கையா கணக்கா என்று மாணவருக்குத் தெரிவதில்லை. இயந்திரம் துல்லியமாக வெட்டித் தருவதால் பிழை கணக்கில்தான் இருக்கிறது என்பது உறுதியாகி, அவர் மறுபடி நோட்டைத் திறக்கிறார். கணித ஆசிரியை என்ற முறையில் இந்த இயந்திரத்தை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

புவியியலுக்கு வருகிறேன். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுள்ள நிலவரைபடங்களில் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். 20 மீட்டரை 50,000-ஆல் வகுத்தால் 0.4 மி.மீ. ஏறத்தாழ 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் என்ற கணக்கு) எடையுள்ள அட்டையின் தடிமனும் அதே அளவை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சமஉயரக் கோட்டையும் ஓர் அட்டையில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டினால், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவுத்திட்டத்தில் அமைந்த உண்மையான மலை கிடைத்துவிடுகிறது. சமவெளியிலிருந்து 500 மீட்டர் உயரும் மலைக்கு 25 அடுக்குகள் போதும். அவை எல்லாம் சேர்ந்து 1 செ.மீ. உயரமே இருக்கும். மலை என்று நாம் அண்ணாந்து பார்ப்பது பரப்போடு ஒப்பிட எவ்வளவு தணிந்தது என்பதை மாணவர்கள் கையால் தடவி உணரும் பாடம் அது. உயரத்தைச் சற்று எடுத்துக்காட்ட விரும்பினால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு அல்லது மூன்று அட்டைகள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உயரம் எத்தனை மடங்கு மிகைப்படுத்தப்பட்டது என்று மாதிரியின் அடியில் எழுதிவிட வேண்டும். வத்தல்மலையையும் சித்தேரி மலைகளையும் ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே இறங்கும் பள்ளத்தையும் இவ்வாறு செய்யலாம். வளைந்து நெளியும் இந்தக் கோடுகளைக் கத்தரிக்கோலால் வெட்ட முனைந்தால் எந்தப் பிள்ளையும் மூன்றாவது அடுக்கிலேயே சலித்துவிடும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு இத்தகைய அடுக்கு வரைபடம் எவ்வளவு பயன்படும் என்பதைச் சிறப்புப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

வரலாற்றுக்கும் நம் மாவட்டங்களில் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பாருங்கள். பலகைக் கற்களை நிறுத்திச் சுவராக்கி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி, ஒரு பக்கச் சுவரில் இடுதுளை என்னும் வட்டத் துளையை இட்டிருக்கிறார்கள். அளந்து வரைந்தால் அது அப்படியே ஒரு காகித மாதிரிக்கான விரிப்புப் படம். அட்டையின் நடுவில் இருக்கும் சிறு வட்டத்தைக் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டுவது பெரியவர்களுக்கே கடினம். இயந்திரத்துக்கு அது சில நொடி வேலை. அதுபோலவே, தென்பெண்ணையின் குறுக்கே நிற்கும் கிருஷ்ணகிரி அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டமான 52 அடியை மீட்டருக்கு மாற்றினால் 15.85 வருகிறது, நூறில் ஒரு பங்கு அளவில் செய்தால் ஏறக்குறைய 16 செ.மீ. உயரம், ஒரு பள்ளி மேசைக்குப் பொருத்தமான அளவு. 2017 நவம்பரில் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வீணாக வெளியேறியதை இப்பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மதகு எப்படி மேலும் கீழும் நகர்கிறது, அதன் மேல் எங்கே அழுத்தம் கூடுகிறது என்பதைக் காட்டும் ஒரு நகரும் மாதிரியைச் செய்யும் மாணவர், கடையில் வாங்கிய நீலத் தெர்மாகோல் அணையைக் கொண்டுவந்து நிறுத்துபவரைவிடப் பல மடங்கு கற்றிருப்பார். ஒரே அளவிலான மதகுகளுக்கு ஒன்றை மட்டும் வரைந்து தேவையான எண்ணிக்கையில் நகலெடுத்து வெட்டிக்கொள்ளலாம். மதகு இறங்கும் காடியின் அகலத்தை அட்டையின் தடிமனைவிட மிகச் சிறிதே கூடுதலாக வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் இருக்கும். மாதிரிக்கு அது நிற்காது. 160 முதல் 220 வரை உள்ள அட்டை மடிப்பதற்கும் நிற்பதற்கும் ஏற்றது. காகிதத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த மடிப்பே நார்த்திசைக்கு இணையானது, நீளமான மடிப்புகளை அத்திசையில் அமைத்தால் விளிம்பு வெடிக்காது. ஒவ்வொரு புதிய அட்டைக்கும் முதலில் ஓர் ஓரத்தில் சிறு சதுரம் ஒன்றை வெட்டிப் பார்க்க வேண்டும். அட்டை முழுவதும் அறுபட்டு, மேட்டில் மெல்லிய கீறல் மட்டும் விழுந்தால் பிளேடின் ஆழம் சரி. அழுத்தத்தைக் கூட்டி ஒரே முறையில் வெட்டுவதைவிடக் குறைந்த அழுத்தத்தில் இரண்டு முறை வெட்டுவது தடித்த அட்டைக்கு நல்லது. மூலைகள் பிய்ந்து போகாது.

வெட்டும் வரிசையும் முக்கியம். முதலில் மடிப்புக் கோடுகள், அடுத்து உள்ளே இருக்கும் சன்னல், துளை போன்றவை, கடைசியில்தான் வெளிக்கோடு. வெளிக்கோட்டை முதலிலேயே வெட்டிவிட்டால் துண்டு மேட்டின் மேல் அசையத் தொடங்கி, மற்றவை எல்லாம் இடம் மாறிவிடும். மடிப்புக் கோடுகளைப் புள்ளி புள்ளியாக வெட்டலாம். ஆனால் ஒட்டிய பிறகு அந்தப் புள்ளிகள் வழியே வெளிச்சம் தெரியும், அட்டையும் அந்த இடத்தில் வலுவிழக்கும். பிளேடுக்குப் பதிலாக மழுங்கிய முனையுள்ள கருவியைப் பொருத்தி, கல்யாணப் பத்திரிகை அச்சகங்களில் கிரீசிங் செய்வதைப் போல அழுத்திக் கோடு போடுவதே நேர்த்தியானது. வெட்டி முடித்தபின் அட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, சுருண்டுவிடும். மேட்டைக் கவிழ்த்து வைத்து, மேட்டை வளைத்து உரித்தால் அட்டை தட்டையாகவே கிடைக்கும். ஃபெவிகாலில் நீர் கலந்திருப்பதால் பல்குத்தும் குச்சியின் முனையால் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். வெட்டப்பட்ட விளிம்பில் தெரியும் வெள்ளையை அதே நிறத்து ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிவிட்டால் மாதிரியின் தோற்றமே மாறிவிடுகிறது.

படம் அச்சிட்ட அட்டையை வெட்டுவதாக இருந்தால், தாளின் மூலைகளில் அச்சிடப்படும் கறுப்பு அடையாளக் குறிகளை இயந்திரத்தின் ஒளி உணரி படித்து, படம் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. அந்தக் குறிகளின் மேல் கறை படக் கூடாது. பளபளப்பான தாளில் உணரி தடுமாறும். அச்சிடும்போது தாளுக்கு ஏற்பப் படத்தைச் சுருக்கிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, நூறு சதவீத அளவிலேயே அச்சிட வேண்டும். இல்லையென்றால் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தினாலும் அளவுத்திட்டம் தவறிவிடும்.

இயந்திரம் வெட்டித் தந்தால் பிள்ளைகளின் கைத்திறன் குறைந்துவிடாதா என்று என்னுடன் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டிப் பழகத்தான் வேண்டும், அந்த வகுப்புகளுக்கு இந்த இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயர் வகுப்புகளில் நிலைமை வேறு. அங்கே மாணவர் செய்ய வேண்டிய வேலை அளப்பது, விரிப்புப் படத்தை வரைவது, ஒட்டும் விளிம்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று யோசிப்பது, மடிப்பது, பொருத்துவது. இவற்றில் ஒன்றையும் இயந்திரம் செய்வதில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆயத்த மாதிரிகளை அப்படியே வெட்டி ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் மட்டுமே இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். கேனன் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிகள் பழகுவதற்கு மிக நல்லவை. பழகியபின் நம் ஊரை நாமே வரைய வேண்டும்.

அதற்குத் தேவையான மென்பொருள்களுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது மகிழ்ச்சியான செய்தி. கோட்டுப் படம் வரைய இங்க்ஸ்கேப், முப்பரிமாண வடிவம் அமைக்க பிளெண்டர் ஆகிய இரண்டும் கட்டணமற்ற திறந்த மென்பொருள்கள். பிளெண்டரில் உருவாக்கிய வடிவத்தை விரித்து, ஒட்டும் விளிம்புகளோடு பக்கங்களாகப் பிரித்துத் தரும் துணைநிரலும் உண்டு. ஜப்பானில் உருவான பெப்பக்குரா என்னும் மென்பொருள் இதற்கென்றே அமைந்தது, ஆனால் அதன் முழுப் பயனுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள அரசுப் பள்ளிகளில் கணினிகள் இருப்பதால், வரையும் வேலையை ஒவ்வொரு பள்ளியும் தன் இடத்திலேயே செய்துகொள்ள முடியும்.

இயந்திரத்தை வாங்கும் இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. சில இயந்திரங்கள் தயாரிப்பு நிறுவனத்தின் இணையக் கணக்கில் நுழைந்தால்தான் இயங்கும். கிரிகட் நிறுவனம் 2021 மார்ச்சில், கட்டணம் செலுத்தாதவர்கள் மாதத்துக்கு 20 சொந்தப் படங்களை மட்டுமே பதிவேற்றலாம் என்று அறிவித்து, பயனர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட்டது. ஒரு முறை கைவிடப்பட்ட கட்டுப்பாடு மறுபடி வராது என்று அரசுப் பணத்தில் வாங்குபவர்கள் நம்பிவிடக் கூடாது. இணைய இணைப்பு இல்லாமலேயே இயங்கும் இயந்திரமா, இங்க்ஸ்கேப்பில் வரைந்த படத்தைக் கூடுதல் கட்டணமின்றி ஏற்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் பெற்ற பிறகே கொள்முதல் செய்ய வேண்டும். மலைக் கிராமப் பள்ளிகளில் இணைய இணைப்பு எப்படி இருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் இயந்திரம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கொடுத்தால் பெட்டி பிரிக்கப்படாமலே கிடக்கும். நன்கொடையாக வந்த இத்தகைய இயந்திரம் ஒன்று ஒரு பள்ளியில் சில மாதங்கள் நன்றாகப் பயன்பட்டு, பிறகு மேட்டின் பசை போய், பிளேடு மழுங்கி, அவற்றை வாங்க எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று தெரியாமல் அலமாரிக்குள் போனதை நான் அறிவேன். ஆகவே ஒன்றியத்துக்கு ஒன்றாக வட்டார வள மையத்தில் வைக்கலாம். மாவட்ட மைய நூலகங்களிலும் ஒவ்வொன்று வைத்தால் விடுமுறை நாட்களில் மாணவர்கள் வந்து பயன்படுத்துவார்கள். பள்ளிகள் தாங்கள் வரைந்த கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து வெட்டி எடுத்துச் செல்லட்டும். பிளேடு, மேட், அட்டை ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும். ஒன்றியத்துக்கு இரண்டு ஆசிரியர்களுக்காவது, ஒருவர் மாறுதலாகிப் போனாலும் வேலை நிற்காதபடி, பயிற்சி அளிக்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத பள்ளிகள் பக்கத்தில் உள்ள ஸ்டிக்கர் கடைக்காரர்களை அணுகலாம். அட்டையை ஒரு பசைத்தாளின் மேல் ஒட்டிக் கொடுத்தால் அவர்களது இயந்திரத்திலும் மெல்லிய அட்டையை வெட்ட முடியும்.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தபோது, தெர்மாகோல் தட்டுகளும் குவளைகளும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. சாப்பிடும் தட்டாக வேண்டாம் என்று விலக்கிய பொருளையே, ஒரு நாள் காட்சிக்குப் பின் குப்பைக்குப் போகும் மாதிரிகளுக்காகப் பிள்ளைகளை வாங்கிவரச் செய்கிறோம். அதை அறுக்கும்போது பறக்கும் வெண்மணிகள் வகுப்பறையிலிருந்து சாக்கடைக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போகின்றன. காகித மாதிரியோ நனைந்தால் மண்ணோடு மண்ணாகும். நன்றாக இருந்தால் தட்டையாக மடித்து அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம்.

இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். வரும் கல்வியாண்டில் மாவட்டத்துக்கு இரண்டு ஒன்றியங்களையாவது தேர்ந்தெடுத்து இந்த இயந்திரத்தை வட்டார வள மையத்தில் நிறுவிப் பாருங்கள். அறிவியல் கண்காட்சிக்கான விதிமுறைகளில், மாதிரியோடு மாணவர் கையால் வரைந்த விரிப்புப் படத்தையும் அளவுத்திட்டக் கணக்கையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். கடையில் வாங்கிய மாதிரிகள் அந்த ஒரு வரியிலேயே குறைந்துவிடும். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடைபெறும் மாங்கனிக் கண்காட்சியின் அரசுத் துறை அரங்குகளில் பள்ளிக் கல்விக்கு ஓரிடம் ஒதுக்கி, மாணவர்கள் செய்த அணை, கல்திட்டை, மலை மாதிரிகளை அங்கே வைக்கலாம். ஒரு பள்ளியில் வரைந்த கோப்பு அந்தப் பள்ளியோடு நின்றுவிடாமல், வரைந்த மாணவரின் வகுப்பும் பள்ளியும் குறிக்கப்பட்டு எல்லா மையங்களிலும் கிடைக்குமாறு செய்ய வேண்டும். பயிற்சி வகுப்புகள் நடத்துவதானால், ஊதியம் எதுவுமின்றி வந்து கற்றுத்தர என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.